உள்ளங்கால் குழிவும் கால் தசைகளின் இழுபறியும்



நமது இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, விலை நிலவரம் என்று எத்தனையோ விஷயங்களைப் பற்றி எழுதி வருகிறோம். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவை இழுத்துப் பூட்டும் வரை நம்மைத் தாங்கி நிற்கும் கால்களைப் பற்றி எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மளிகைக் கடைக்காரருக்கு முதல் மூலதனம் பணம் என்றால், இரண்டாவது மூலதனம் கால். ஆகவே இந்த முறை பாதத்தைப் பற்றி, அதிலும் "உள்ளங்கால் குழிவு" என்று சொல்லப்படும் ஒரு குறையைப் பற்றி, எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

குழிந்த பாதம் என்றால் என்ன?

குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் பாதத்தின் தடம் பதியும். சாதாரணமாக அந்தத் தடத்தில் குதிகால் பதியும், வெளி ஓரம் ஒரு பட்டையாகப் பதியும், முன்பாதமும் விரல்களும் பதியும். உள்பக்கம் மட்டும் பிறை போல வெற்றிடம் இருக்கும். அதுதான் உள்ளங்காலின் வளைவு. அந்த வளைவே இல்லாமல் முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். அதற்கு நேர் எதிராக, நடுவில் ஒன்றுமே பதியாமல் குதிகால் ஒரு தீவு, முன்பாதம் ஒரு தீவு என்று தனித்தனியாகப் பதிந்தால் அது குழிந்த பாதம். டாக்டர்கள் இதை "பீஸ் கேவஸ்" என்பார்கள்.

தட்டைப் பாதத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். போலீஸ், ராணுவ வேலைக்குப் போனால் அதைப் பார்ப்பார்கள் என்பதால் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. குழிந்த பாதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான். ஏனென்றால் சிலருக்குக் குழிந்த பாதம் வெறும் பிறவி அமைப்பாக இருந்தாலும், தொந்தரவு கொடுக்கும் குழிந்த பாதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் நரம்போ தசையோ சம்பந்தப்பட்ட ஒரு காரணம் இருக்கிறது.

தொந்தரவு எப்படி வருகிறது என்பது வியாபாரிக்கு எளிதில் புரியும். 50 கிலோ மூட்டை ஒன்றைத் தரையில் படுக்க வைத்தால் பாரம் முழுத் தரையிலும் பரவுகிறது. அதே மூட்டையை இரண்டு செங்கல் மேல் வைத்தால் அந்த 50 கிலோவும் செங்கல் தொடும் இடத்தில்தான் இறங்குகிறது. குழிந்த பாதத்தில் நிற்பவருக்கும் இதே கதிதான். உடம்பின் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டுமே இறங்கி, அந்த இடங்களில் தோல் தடித்துக் காய்த்துப் போகிறது, வலிக்கிறது.

தேருக்கு வடம், பாதத்துக்குத் தசை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தி வைப்பவை தசைநார்களும் தசைகளும். பாதத்தை ஆட்டி வைக்கும் பெரிய தசைகள் பாதத்தில் இல்லை. அவை முழங்காலுக்குக் கீழே, கணைக்காலிலும் ஆடுசதையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற நாண்கள் கணுக்காலைத் தாண்டி வந்து பாதத்து எலும்புகளில் கட்டப்பட்டிருக்கின்றன.

நம் தென்காசி காசி விசுவநாதர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இரண்டு வடத்திலும் ஆள் சமமாக இருந்தால் தேர் நேராகப் போகும். ஒரு வடத்தில் ஆள் குறைந்துவிட்டால், இன்னொரு வடத்துக்காரர்கள் புதிதாக ஒன்றும் பலத்தைக் கூட்டாவிட்டாலும், தேர் அவர்கள் பக்கம் திரும்பிவிடும். பாதமும் அப்படித்தான். ஒரு தசை வலுவிழந்தால் அதற்கு எதிர்த் தசை, தன் வழக்கமான இழுப்பை இழுத்துக்கொண்டே, பாதத்தைத் தன் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டால் எலும்புகளும் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எந்தத் தசை எங்கே இழுக்கிறது?

இரண்டு ஜோடிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் ஜோடி: கணைக்காலின் முன்பக்கத் தசை ஒன்று. அது பாதத்தை மேலே தூக்குகிறது. அதன் நாண் பெருவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பின் அடிப்பகுதியில் கட்டப்பட்டிருக்கிறது. இதற்கு எதிராளி, காலின் வெளிப்புறத்தில் இருக்கும் நீளத் தசை. அதன் நாண் வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் குறுக்காக ஓடி, அதே பெருவிரல் எலும்பின் அடியைப் பிடித்திருக்கிறது. ஆகவே முன்தசை அந்த எலும்பை மேலே இழுக்கும், நீளத் தசை கீழே இழுக்கும்.

இரண்டாவது ஜோடி: வெளிப்புறத்திலேயே இன்னொரு குட்டைத் தசை உண்டு. அது சுண்டுவிரல் பக்க எலும்பைப் பிடித்து, பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்கிறது. இதற்கு எதிராளி ஆடுசதைக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் பின்தசை. அது பாதத்தை உள்பக்கமாக இழுக்கிறது.

இனி, முன்தசையும் குட்டைத் தசையும் வலுவிழந்து, நீளத் தசையும் பின்தசையும் மட்டும் ஓரளவு பலத்தோடு மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் பக்க எலும்பு கீழே அழுத்தப்படும். அது கீழே போனால் உள்ளங்கால் வளைவு தானாகவே மேலே எழும்பும். கூடவே பாதம் உள்பக்கமாகத் திரும்பும்.

குதிகாலும் சும்மா இருப்பதில்லை. பாதம் ஒரு முக்காலி மாதிரி. குதிகால் ஒரு கால், பெருவிரல் அடி ஒரு கால், சுண்டுவிரல் அடி ஒரு கால். முக்காலியின் ஒரு காலை மட்டும் நீளமாக்கினால் முக்காலி மறுபக்கம் சாயும் அல்லவா? பெருவிரல் பக்கம் கீழே இறங்கிவிட்டதால், சுண்டுவிரல் பக்கமும் தரையைத் தொடுவதற்காகப் பாதம் வெளி ஓரத்தின் மேல் சாய்கிறது. குதிகால் எலும்பு உள்பக்கமாகச் சரிகிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் செருப்பின் வெளி ஓரம் தேய்வதும், அடிக்கடி கணுக்கால் பிசகுவதும் இதனால்தான்.

1977-ல் கோல்மன் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடன் சேர்ந்தவரும் ஓர் எளிய சோதனையை எழுதி வைத்தார்கள். சுமார் ஓர் அங்குலம் கனமுள்ள பலகையில் குதிகாலும் வெளி ஓரமும் படும்படி நிற்கச் சொல்லி, பெருவிரல் அடியை மட்டும் பலகைக்கு வெளியே தொங்க விடுவது. அப்போது சாய்ந்த குதிகால் நேராகிவிட்டால் குற்றம் முன்பாதத்தில்தான், குதிகால் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். நேராகாவிட்டால் குதிகாலும் இறுகிவிட்டது என்று அர்த்தம். எந்த வைத்தியம் என்பதை முடிவு செய்ய இன்றைக்கும் டாக்டர்கள் இந்தப் பலகைச் சோதனையைச் செய்கிறார்கள்.

விரல்கள் ஏன் மடங்குகின்றன?

குழிந்த பாதம் உள்ளவர்களில் பலருக்கு விரல்கள் பருந்தின் நகம் போல வளைந்திருக்கும். இதற்கும் இழுபறிதான் காரணம். பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் விரல்களை நேராக வைத்திருக்கின்றன. அவை வலுவிழந்தால் மேலிருந்து ஒரு நாணும் கீழிருந்து ஒரு நாணும் விரலை இழுத்து மடக்கிவிடும். மேலும், பாதத்தைத் தூக்கும் முன்தசை தளர்ந்தால் விரல்களைத் தூக்கும் தசைகள் அந்த வேலைக்கும் உதவிக்கு வருகின்றன. அதனால் பெருவிரல் எந்நேரமும் தூக்கியபடியே இருக்கும்.

பெருவிரல் தூக்கினால் வளைவு கூடும் என்பதை நீங்களே பார்க்கலாம். நின்றுகொண்டு, ஒருவரை விட்டு உங்கள் பெருவிரலை மட்டும் மேலே மடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் வளைவு மேலே எழும்புவது கண்ணுக்குத் தெரியும். குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் பட்டை நாண், கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல, விரலின் அடியில் சுற்றி இறுகுகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் இதை விளக்கி எழுதினார்.

தசை ஏன் வலுவிழக்கிறது?

முதல் காரணம் பரம்பரை. 1886-ல் பாரிஸில் ஷார்கோ, மாரி என்ற இரண்டு டாக்டர்களும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் டூத் என்பவரும் ஒரு நரம்பு நோயை விவரித்தார்கள். மூவர் பெயரையும் சேர்த்து "ஷார்கோ மாரி டூத்" நோய் என்கிறார்கள். சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. இதில் உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதுபடும். காலுக்குப் போகும் நரம்புதான் மிக நீளம் என்பதால் பாதத்தில் முதலில் தெரியும். மேலே சொன்ன முன்தசையும் குட்டைத் தசையும் தளர்ந்து, கால் மெலிந்து, பாதம் குழியும். பல வருஷம் கழித்துக் கைகளும் மெலியலாம். அதிகமாகக் காணப்படும் வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு சில வகைகள் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதிகம் வரும். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் சகஜம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது இளம்பிள்ளை வாதம். இந்தியாவில் கடைசியாக இந்த நோய் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27-ம் தேதி நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்குப் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. 1995-ல் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதற்கு முன்பு பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எஸ்.டி.டி. பூத் வைத்துப் பிழைத்து, அது போனபின் பெட்டிக்கடை, ஜெராக்ஸ் கடை என்று மாறியவர்கள் எத்தனை பேர்! போலியோவில் ஆடுசதை செயலிழந்தால் வேறு விதமாகப் பாதம் குழியும். குதிகாலை மேலே இழுத்துப் பிடிக்கும் குதிநாண் தொய்ந்துவிடுவதால் குதிகால் எலும்பு செங்குத்தாக நின்றுவிடும். முன்பாதத்தை மற்றத் தசைகள் பின்னோக்கி இழுக்கும். இரண்டும் நெருங்கி வர நடுவில் வளைவு கூடும்.

மூன்றாவது சர்க்கரை வியாதி. பல வருஷ சர்க்கரையில் பாதத்துச் சின்னத் தசைகளின் நரம்பும் பழுதுபட்டு விரல்கள் மடங்கும், முன்பாதத்தில் பாரம் கூடும். உணர்ச்சியும் மரத்துப் போவதால் காய்ப்பு புண்ணாவது தெரியாது. நம் வணிகர்களில் சர்க்கரை இல்லாதவர்களை எண்ணிவிடலாம் என்ற நிலையில் இது சாதாரண விஷயம் அல்ல.

நான்காவது முதுகுத்தண்டு. பிறவியிலேயே தண்டுவடத்தில் குறை இருந்தாலும், பின்னால் கட்டி வந்து அழுத்தினாலும் பாதம் குழியலாம். ஆகவே இது முக்கியம்: இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்து, திடீரென்று ஒரு கால் மட்டும் குழியத் தொடங்கினால் செருப்புக் கடைக்குப் போகாதீர்கள், நரம்பு டாக்டரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு நடு முதுகில் முடிக்கற்றையோ குழியோ இருந்து, காலும் மாறிக்கொண்டு வந்தால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

தசைகளின் இழுபறியைத் திருத்தியமைக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய இடங்களில் நம் தமிழ்நாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. கொல்லிமலையில் தொண்டு செய்த ஆங்கிலேயத் தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை ஆசிரியராக வந்தார். தொழுநோயாளிகளின் கை கால்களை அவர் ஆராய்ந்தார்.

தொழுநோயில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு பழுதுபடுவது உண்டு. அந்த நரம்புதான் முன்தசைக்கும் வெளிப்புறத் தசைகள் இரண்டுக்கும் உயிர் கொடுப்பது. அது போனால் பாதம் தொங்கிவிடும். ஆழத்தில் உள்ள பின்தசைக்கு வேறு நரம்பு என்பதால் அது மட்டும் நன்றாக இருந்து, பாதத்தை உள்பக்கமாக இழுக்கும். பார்த்தீர்களா, நாம் சொன்ன அதே வடக் கதை!

அதற்குச் செய்த ஆபரேஷனும் தேரோட்டத்தில் செய்வதுதான். ஆள் அதிகமுள்ள வடத்திலிருந்து சிலரை ஆள் இல்லாத வடத்துக்கு மாற்றுவது. நல்ல நிலையில் இருக்கும் பின்தசையின் நாணைக் கழற்றி, காலின் முன்பக்கமாகக் கொண்டுவந்து பாதத்தில் தைத்துவிடுவார்கள். கெடுதல் செய்துகொண்டிருந்த இழுப்பு, பாதத்தைத் தூக்கும் நல்ல இழுப்பாக மாறிவிடும். ஆபரேஷனோடு முடிவதில்லை. உள்ளே இழுத்துப் பழகிய தசைக்கு மேலே தூக்கப் பழக்க வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி தேவை. 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையில் இப்படி எத்தனையோ கால்கள் நிமிர்ந்தன. உணர்ச்சியற்ற பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர்ச் செருப்பும் அங்கே வளர்ந்த முறைதான். இப்போது சர்க்கரை நோயாளிகள் "எம்.சி.ஆர். செருப்பு" என்று கேட்டு வாங்குவது அதைத்தான்.

இந்த இடத்தில் கல்லாவில் உட்காரும் நமக்கும் ஒரு செய்தி உண்டு. மணிக்கணக்கில் சம்மணம் போட்டோ குத்துக்காலிட்டோ உட்கார்ந்தால் அதே நரம்பு அழுத்தப்பட்டுக் கால் மரத்துப் போகும். எழுந்து உதறினால் சரியாகிவிடுகிறது என்றால் பயமில்லை. எழுந்த பிறகும் பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம்

எங்கள் மொத்தக் கடையில் மூட்டை ஏற்றி இறக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். வயது இருபத்து நான்கு. வருஷத்தில் மூன்று நான்கு தடவை கணுக்கால் பிசகிவிடும். "கவனமில்லாம நடக்கான்" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். ஒரு நாள் கடை வாசலில் கிடந்த அவர் செருப்பைப் பார்த்தேன். இரண்டு செருப்பிலும் வெளி ஓரம் மட்டும் கத்தியால் சீவியது போலத் தேய்ந்திருந்தது.

"ஏன்டே, செருப்பு இப்படி ஒரு பக்கமாத் தேயுது?" என்று கேட்டேன்.

"எங்க அய்யாவுக்கும் இப்படித்தான் அண்ணாச்சி தேயும். அவுகளுக்குக் காலும் குச்சி மாதிரி இருக்கும்" என்றார்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை செய்து, பரம்பரை நரம்பு நோய் என்று உறுதி செய்தார்கள். இப்போது அவர் எடை போடும் இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பில்லும் போடுகிறார். கணுக்காலுக்குத் தாங்கு பட்டை அணிகிறார். அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தக் குழந்தையையும் வளர வளரக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று எல்லோரும் பேசியது நோய் என்று தெரிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே இந்த அடையாளங்களைக் கவனியுங்கள். செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்வது. ஈரத்தடத்தில் நடுப்பகுதி பதியாமல் இருப்பது. கணுக்கால் அடிக்கடி பிசகுவது. பெருவிரல் அடியிலும் சுண்டுவிரல் அடியிலும் காய்ப்பு. விரல்கள் மடங்குவது. நடக்கும்போது கால் விரல் தரையில் தட்டுவது, அல்லது தட்டாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி வைப்பது. குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி நடக்க முடியாமல் போவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பார்ப்பது நல்லது. குடும்பத்தில் யாருக்காவது இதே மாதிரி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பரம்பரை நரம்பு நோய் இருப்பவர்கள் வேறு எந்த வியாதிக்குப் போனாலும் டாக்டரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்த நரம்புகளை மேலும் கெடுக்கும்.

என்ன வைத்தியம்?

வைத்தியம் படிப்படியானது. பாதம் இன்னும் வளைந்து கொடுக்கிறது என்றால் செருப்பிலேயே பாதி வேலை நடந்துவிடும். பாதத்தின் அளவுக்குச் செய்த உள்தளம் பாரத்தைப் பரப்பும். பெருவிரல் அடிக்குப் பள்ளம் விட்டு, வெளி ஓரத்தைச் சற்று உயர்த்தினால் குதிகால் நிமிரும். கடையில் விற்கும் தட்டைப் பாதத்துக்கான மேட்டை வாங்கி உள்பக்கம் வைத்தால் பாதம் இன்னும் வெளியே சாயும், அதைச் செய்யாதீர்கள். பாதம் தொங்கினால் கணுக்கால் தாங்கு பட்டை போடுவார்கள்.

ஆடுசதை இறுக்கமாக இருப்பவர்கள் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படும்படி அரை நிமிஷம் நிற்கும் பயிற்சியை நாலைந்து தடவை செய்யலாம். இறுக்கம் குறையும். ஆனால் நரம்பு போன தசைக்கு உடற்பயிற்சியால் பழைய பலத்தை முழுவதும் கொண்டுவர முடியாது. அளவோடு செய்ய வேண்டும்.

அடுத்தது ஆபரேஷன். நீளத் தசையின் நாணைக் குட்டைத் தசையின் நாணோடு சேர்த்து, கீழே இழுத்த பலத்தை வெளியே இழுக்கச் செய்வார்கள். கீழே இறங்கிய பெருவிரல் எலும்பை வெட்டி உயர்த்துவார்கள். குதிகால் இறுகியிருந்தால் அதையும் வெட்டி நேராக்குவார்கள். எல்லாம் இறுகிப்போனால் மூட்டுகளையே ஒன்றாகச் சேர்க்க வேண்டி வரும். எலும்பு இறுகுவதற்கு முன்பு போனால் சின்ன ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பெரிய ஆபரேஷன். கடன் பாக்கியைப் போலத்தான், நாள் ஆக ஆக வட்டி ஏறும்.

குற்றாலத்து எண்ணெய் மசாஜைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். நின்று நின்று இறுகிய ஆடுசதைக்கு எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்றால் சுகம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தேய்ப்பதால் எலும்பின் கோணமும் மாறாது, செத்த நரம்பும் பிழைக்காது. கால் மரத்துப் போனவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கணுக்காலை அழுத்திச் சுளுக்கு எடுப்பதையும், சுடச்சுட ஒத்தடம் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். சீசன் நாட்களில் ஈரப்பாறையில் நடக்கும்போது கணுக்கால் பலமில்லாதவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கடைக்காரர் கடமை

முதலாவது, உட்கார இடம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. புளியரையைத் தாண்டிச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் அங்குள்ள கடைகளில் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் வரும்போது எழுந்து, போனபின் உட்காருவது மரியாதைக் குறைவு அல்ல. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கும் செலவு, ஒருவர் பத்து நாள் லீவு எடுப்பதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.

இரண்டாவது, தரை. சாமி படம் இருக்கிறது என்று கடைக்குள் செருப்புப் போடாதது நம் வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் விரியுங்கள். அதுவும் இல்லையென்றால் சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். ஆனால் ஓரம் சுருண்டு கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் மட்டும் கடைக்குள் போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடிச் சுத்தமான எம்.சி.ஆர். செருப்பு வைத்துக்கொள்வது நல்லது. சாமி கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. கணுக்கால் பிசகுகிறவரை மூட்டையோடு ஏணியில் ஏற்றாதீர்கள். எடை போடுதல், பில், பொட்டலம் என்று மாற்றிக் கொடுங்கள்.

நான்காவது, சான்று. கால் ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகள் உண்டு. அரசு மருத்துவர் சான்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் அடையாள அட்டை, உதவி உபகரணங்கள் பற்றிய விவரம் கிடைக்கும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால், முன்பு போல இதற்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

தராசுத் தட்டு ஒரு பக்கம் இறங்கினால் நாம் உடனே கவனிக்கிறோம். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேட்பார், முத்திரை ஆய்வாளர் கேட்பார். கால் ஒரு பக்கம் சாய்ந்தால் கேட்க ஆளில்லை. ஆகவே இந்த வாரம் வார விடுமுறைக்கு முந்தின நாள், கடை அடைக்கும் நேரத்தில், உங்கள் செருப்பையும் உங்களிடம் வேலை செய்பவர்கள் செருப்பையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஈரக்காலோடு வரும்போது தடத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.